இருபது குழந்தைகளின் தகப்பனார்

‘மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்’ என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வாள். ஒன்பது பெற்று ஆறை வளர்த்து ஆளாக்கியவள் அவள். ஆகையால் அதைச் சொல்ல அவளுக்குப் பாத்தியதை உண்டு. இரண்டே குழந்தைகளை வைத்துக் கொண்டு, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிற மாதம் வந்தால் முகத்தைத் தொங்கப் போட்டுக் கொள்ளும் என்னைப் போன்றவனுக்கு, அந்தப் பழமொழி சில சமயம் ஆறுதலாக இருக்கும். சில சமயம் கோபத்தை உண்டாக்கும். தண்ணீர் ஊற்றுகிறவன் ஆண்டவனாகவே இருக்கட்டும். குடத்தைத் தூக்குகிறவர் யார்?

இந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல பதில் சொன்னவர், இருபது குழந்தைகளைப் பெற்ற ஒரு கிறிஸ்தவத் தகப்பனார். ஜெர்மனி தேசத்தில் லைப்ஸிக் நகரத்தில் வாழ்ந்தவர். பெயர் ஜோஹான் ஸெபாஸ்டியன் பாஹ். ‘மேனாட்டு சங்கீத மேதையாயிற்றே! அவரைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை?’ என்று கேட்பீர்கள். வாஸ்தவம். சங்கீதத்துக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. ஆனால் என் பெண் கீபோர்டு கற்றுக் கொள்கிறாள். அவளுடைய பாடப் புத்தகத்தில் ‘அன்னா மக்தலேனாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து’ என்று தலைப்பிட்டு ஒரு சின்ன மெட்டு இருந்தது.

“அப்பா, யார் இந்த அன்னா மக்தலேனா?” என்று கேட்டாள் பெண்.

பத்திரிகைக்காரனிடம் இப்படி ஒரு கேள்வியைப் போட்டால் அவன் சும்மா இருப்பானா? தேடித் தேடிப் படித்தேன். அந்த அம்மாள் பாஹின் இரண்டாவது மனைவி. 1725-ல் தொடங்கிய வீட்டு நோட்டுப் புத்தகம் அது. அதில் கணவன் எழுதியதும் உண்டு, பிள்ளைகள் எழுதியதும் உண்டு, பிறர் மெட்டுக்களும் உண்டு. என் பெண் வாசிக்கும் அந்த மெட்டே பெட்ஸோல்டு என்ற வேறொருவர் போட்டதாம். படித்ததில் சங்கீதம் எனக்கு விளங்கவில்லை. சம்சாரம் மட்டும் நன்றாக விளங்கிற்று.

பாஹ் பிறந்தது 1685-ல். எட்டுக் குழந்தைகளில் கடைக்குட்டி. பத்து வயது நிறையுமுன் தாயும் போய்த் தகப்பனாரும் போய்விட்டார். ஓர்ட்ரூஃப் என்ற ஊரில் ஆர்கன் வாசித்துக் கொண்டிருந்த மூத்த அண்ணன்தான் சிறுவனைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று வளர்த்தான். பெரிய குடும்பம் என்றால் என்ன என்பதைப் பாஹ் அங்கேயே தெரிந்து கொண்டிருக்க வேண்டும். தகப்பன் ஊற்ற முடியாத தண்ணீரை அண்ணன் ஊற்றினான்.

முதல் மனைவி மரியா பார்பராவுக்கு ஏழு குழந்தைகள். மூன்று சிசுவிலேயே தவறிவிட்டன. 1720-ஆம் வருஷம் கோடையில், கோத்தன் சமஸ்தானத்து இளவரசருடன் பாஹ் கார்ல்ஸ்பாடு என்ற ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், சௌக்கியமாக விட்டுச் சென்ற மனைவி இறந்து, அடக்கமும் ஆகிவிட்டிருந்தது. வீட்டில் தாயில்லாக் குழந்தைகள் நான்கு. வயது பதினொன்று, ஒன்பது, ஆறு, ஐந்து.

மறு வருஷம் டிசம்பரில் அன்னா மக்தலேனாவைக் கலியாணம் செய்து கொண்டார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. சமஸ்தானத்தில் சம்பளம் வாங்கிக் கொண்டு பாடியவள். தாலி கட்டும் வழக்கம் அந்த ஊரில் இல்லை. ஆனால் கட்டிய அன்றே நான்கு குழந்தைகளுக்குத் தாயாகிவிட்டாள் என்று சொன்னால் நம் வாசக சகோதரிகளுக்கு விஷயம் புரியும். பிறகு அவளுக்கே பதின்மூன்று பிறந்தன.

1723-ஆம் வருஷம் மே மாதத்தில் இந்தக் குடும்பம் லைப்ஸிக்குக் குடி பெயர்ந்தது. சாமான்கள் நாலு வண்டியிலும், குடும்பம் இரண்டு கோச்சு வண்டியிலுமாக வந்து, தாமஸ் பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே புதுப்பித்துக் கொடுத்த வீட்டில் இறங்கியதாக அக்காலத்துப் பத்திரிகை ஒன்று எழுதியிருக்கிறது. ராஜ சபையில் வித்வான்களுக்குத் தலைவராக இருந்தவர் அவர். லைப்ஸிக்கில் கிடைத்ததோ பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து மாதா கோவில்களில் பாட வைக்கிற உத்தியோகம். இந்த இறக்கம் அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. ஏன் ஒப்புக் கொண்டார்? பள்ளித் தோழர் எர்ட்மானுக்கு 1730-ல் எழுதிய கடிதத்தில் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டம். லைப்ஸிக்கில் சர்வகலாசாலை இருந்தது. நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு வீடு பார்த்து அலையும் தகப்பன்மார் எல்லோரும் இந்த இடத்தில் பாஹுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அதே கடிதத்தில் வரவு செலவுக் கணக்கும் வருகிறது. உத்தியோகத்தில் சுமார் 700 தாலர் கிடைக்கிறது; ஆனால் அதில் பெரும் பகுதி கலியாணம், சாவு முதலிய சடங்குகளுக்குப் பாட வைப்பதால் வரும் மேல் வரும்படி. ஊரில் நல்ல காற்று வீசி ஜனங்கள் சௌக்கியமாக இருந்தால் வரும்படி குறைந்து போகிறது. போன வருஷம் அப்படி நூறு தாலருக்கு மேல் நஷ்டம் என்று எழுதுகிறார்.

இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு குழந்தைகளின் பிறந்த தேதிகளையும் இறந்த தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது. 1726 முதல் 1733 வரை எட்டு வருஷங்களில் அன்னா மக்தலேனாவின் குழந்தைகளில் ஏழு பேர் இறந்து போனார்கள். ஒன்று பிறந்த மறுநாளே போயிற்று. ஒன்று நாலு வயது வரை ஓடியாடிவிட்டுப் போயிற்று. ஊரார் வீட்டுச் சாவில் வரும்படியை எண்ணிய அதே மனிதர் தம் வீட்டுச் சாவையும் எண்ண வேண்டியிருந்தது. இருபதில் ஆளாகியவர்கள் பத்துப் பேர். ‘அந்தக் காலத்தில் குழந்தைகள் சாவது சகஜம்’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சகஜம் என்பதற்காக எந்தத் தாய்க்கு வலிக்காமல் இருந்தது?

மிஞ்சிய குழந்தைகள் விஷயத்தில் தகப்பனார் சும்மா இருக்கவில்லை. தம் இசை ஏடுகளின் முடிவில் ‘மகிமை இறைவன் ஒருவனுக்கே’ என்ற பொருளில் மூன்று எழுத்துக்களைப் போடும் பக்தர் அவர். அப்படிப்பட்டவர், ‘மரம் வைத்தவன் பார்த்துக் கொள்வான்’ என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்து விடவில்லை. மூத்த மகன் ஃபிரீடமானுக்கு ஒன்பது வயதாகும் போது, 1720-ல், அவனுக்கென்றே ஒரு பாட நோட்டைத் தம் கையால் எழுதத் தொடங்கினார். அதே பிள்ளை 1733-ல் டிரெஸ்டன் நகரத்தில் ஆர்கன் உத்தியோகத்துக்கு மனுப் போட்டபோது, மனுவை எழுதியவரும் தகப்பனார்தான்! உத்தியோகம் கிடைத்தது.

எர்ட்மானுக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில் இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது. தம் குழந்தைகள் எல்லோரும் பிறவிச் சங்கீதக்காரர்கள். வீட்டு மனிதர்களைக் கொண்டே ஒரு கச்சேரி நடத்தி விடலாம். மனைவிக்கு நல்ல தெளிவான குரல். மூத்த பெண்ணும் சுமாராகச் சேர்ந்து பாடுகிறாள் என்று எழுதுகிறார். பெரிய குடும்பத்துத் தகப்பன் ஒருவன் வாசலில் நின்று கொண்டு உள்ளே கேட்கும் சத்தத்தைப் பெருமையுடன் கேட்பது போல் இருக்கிறது.

சிக்கனமும் உண்டு. 1748-ல் உறவினர் ஒருவர் அன்போடு ஒரு பீப்பாய் திராட்சை ரசம் அனுப்பினார். வழியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பாஹ் நன்றி சொல்லிப் பதில் எழுதினார். கூடவே கணக்கும் எழுதினார். வண்டிக் கூலி 16 குரோஷன், கொண்டு வந்து கொடுத்தவனுக்கு 2, சுங்கச் சாவடிக்காரனுக்கு 2, அப்புறம் வரிகள். கூட்டிப் பார்த்தால் அளவு ஒன்றுக்கு ஏறக்குறைய 5 குரோஷன் ஆகிறது. இனாமாக வந்த பொருளுக்கு இது அதிகம். இனிமேல் அனுப்ப வேண்டாம்! பேரும் புகழும் உள்ள அறுபத்து மூன்று வயதுப் பெரியவர் எழுதியது இது. பல வயிறுகளுக்குப் படி அளந்த கை காசை எண்ணாமல் கீழே வைக்காது போலும்.

ஆனால் எவ்வளவு கெட்டிக்காரத் தகப்பனுக்கும் கை எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது மகன் பெர்ன்ஹார்டுக்கு அப்பாவின் சிபாரிசால் முதலில் மூல்ஹௌஸனிலும், பிறகு ஸாங்கர்ஹௌஸனிலும் உத்தியோகம் கிடைத்தது. இரண்டு இடத்திலும் கடன். முதல் ஊர்க் கடனைத் தகப்பனார் தீர்த்தார். 1738-ல் இரண்டாவது ஊரை விட்டுப் பையன் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டான். எங்கே போனான் என்று வீட்டுக்கே தெரியாது. அந்த ஊர்ப் பெரிய மனிதருக்குப் பாஹ் எழுதிய பதிலில் ஒளிவு மறைவு இல்லை. எத்தனை சொல்லியும் திருத்த முடியவில்லை. இந்தச் சிலுவையைப் பொறுமையோடு சுமக்க வேண்டியதுதான். பிள்ளையை ஆண்டவன் கருணைக்கு விட்டுவிடுகிறேன் என்று எழுதினார். குடத்தை அவர் கீழே வைத்தது இந்த ஓர் இடத்தில்தான். அதுவும் சோம்பலால் அல்ல. தூக்கித் தூக்கிக் கை ஓய்ந்த பிறகு. பையன் யேனா நகரத்துச் சர்வகலாசாலையில் சட்டம் படிக்கச் சேர்ந்திருந்தான். மறு வருஷம் மே மாதம் அங்கேயே ஜுரத்தில் இறந்து போனான். வயது இருபத்து நான்கு.

இந்தக் கதையை எல்லாம் என் மனைவிக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரிங்க, பெண்களுக்கு என்ன ஏற்பாடு செய்தார்?” என்றாள். அத்தனை புத்தகம் படித்த எனக்கு அது வரையில் தோன்றாத கேள்வி!

பாஹ் 1750-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் காலமானார். உயில் எழுதி வைக்கவில்லை. சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி ஒன்பது குழந்தைகளுக்கு. மூத்த பிள்ளைகள் உத்தியோகத்தில் இருந்தார்கள். பதினான்கு வயதுக் கடைசிப் பிள்ளையைப் பெர்லினில் இருந்த அண்ணன் எம்மானுவேல் அழைத்துச் சென்றான். ஓர்ட்ரூஃப் அண்ணன் செய்த அதே காரியம். புத்தி வளர்ச்சி குன்றிய காட்ஃபிரீட் என்ற பிள்ளையை, மணமாகிப் போன தங்கை எலிஸபெத் தன் வீட்டில் வைத்துக் கொண்டாள். லைப்ஸிக்கில் மிஞ்சியவர்கள் தாயும், கலியாணமாகாத மூன்று பெண்களும். மூத்தவளுக்கு நாற்பத்தொன்று, கடைசிப் பெண்ணுக்கு எட்டு.

நகர சபை அரை வருஷச் சம்பளம் கொடுத்தது. 1752-ல் வறுமையைக் கருதி நாற்பது தாலர் கொடுத்தது. ஒரு காலத்தில் தானே சம்பாதித்த அன்னா மக்தலேனா, 1760-ல் இறந்தபோது தர்மப் பணத்தில் ஜீவிக்கும் விதவை என்று பதிவானாள். லைப்ஸிக் மாதா கோவில்களில் பெண்கள் பாடக் கூடாது. தாமஸ் பள்ளிக்கூடத்திலும் சர்வகலாசாலையிலும் பெண்களுக்கு இடம் இல்லை. பிள்ளைகளுக்காகத் தகப்பனார் மனு எழுதினார். பெண்களுக்காக எழுத அவருக்குத் தெரிந்த உத்தியோகம் எது? அன்பில் குறை என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் போவதற்கு அந்தப் பக்கம் வாய்க்காலே வெட்டவில்லை. ஊர் வெட்டாத வாய்க்காலை ஒரு தகப்பன் தனியாக வெட்டுவது கடினம்.

கடைசிப் பெண் ரெஜினா ஸுஸன்னா நெடுங்காலம் இருந்தாள். 1800-ஆம் வருஷத்தில் இருபது குழந்தைகளில் அவள் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள், கஷ்ட ஜீவனம். ராக்லிட்ஸ் என்ற பத்திரிகாசிரியர் தம் சங்கீதப் பத்திரிகையில் அவளுக்காக உதவி கேட்டு எழுதினார். பணம் வந்தது. கேட்டவுடன் உதவ முன்வந்தவர்களில் பீத்தோவனும் ஒருவர். அதற்குப் பிறகு அவள் ஒன்பது வருஷம் இருந்தாள். தகப்பனார் முகத்தை எட்டு வயதோடு மறந்திருக்க வேண்டிய அந்தக் கிழவிக்கு, அவரை ஒரு நாளும் பார்த்திராத மனிதர்கள் சோறு போட்டார்கள்.