16 ராத்திரிக்கு ஒரு கொரியன் தொடர்

கொரியன் தொடர் பார்க்கிற நேரத்தைவிட, எந்தத் தொடரைப் பார்ப்பது என்று தேடுகிற நேரம்தான் அதிகம் என்ற புலம்பல் இப்போது பல வீடுகளில் கேட்கிறது. ஆப்பைத் திறந்தால் வரிசை வரிசையாகப் படங்கள். ஒரே குடைக்குள் ஒரு ஜோடி, பூத்துக் குலுங்கும் மரத்தடியில் இன்னொரு ஜோடி, கோட் சூட்டில் ஒரு முதலாளி, அரண்மனையில் ஓர் இளவரசர். எல்லாமே நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். அரை மணி நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காமலே தூங்கப் போகிறவர்கள் ஏராளம்.

மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஓர் அம்மாவுக்கும், பெங்களூரில் பி.ஜி-யில் தங்கி வேலை பார்க்கும் அவர் மகளுக்கும் இந்தத் தேடல்தான் பேச்சுத்துணை ஆனது.

மகள் வேலைக்குப் போன புதிதில் தினமும் போன் வந்தது. போகப் போகப் பேச்சு தேய்ந்தது. "சாப்ட்டியா?" "ம்." "என்ன சாப்ட்ட?" "ஏதோ ஒண்ணு. மீட்டிங் இருக்கும்மா, வைக்கிறேன்." அவ்வளவுதான். ஒரு நாள் ராத்திரி, இன்னும் இரண்டு நிமிடம் மகளைப் பேச வைக்க என்ன கேட்பது என்று தெரியாமல் அம்மா கேட்டார்: "நீ அந்த கொரியன் சீரியலெல்லாம் பார்ப்பியே, எனக்கும் ஒண்ணு சொல்லேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரிப்பு. புதுயுகம் தொலைக்காட்சியில் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' தமிழ் பேசிய காலத்தில், "பரீட்சையை வெச்சுக்கிட்டு என்னடி இது?" என்று டிவியை அணைத்தவர் இதே அம்மாதான்.

மகள் முதலில் சொன்னது 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'. தேடி எடுத்த அம்மா, "நீ சொன்ன படம் இது இல்லையே" என்றார். மகளின் போனில் ஒரு படம், அம்மாவின் டிவியில் வேறு படம். தொடர் என்னவோ ஒன்றுதான். நெட்ஃபிளிக்ஸில் ஒரே தொடருக்குப் பல முகப்புப் படங்கள் உண்டு. பார்க்கிறவர் முன்பு எதையெல்லாம் தொட்டிருக்கிறார் என்பதை வைத்துப் படம் மாறும். அதனால் படத்தைப் பார்த்து மட்டும் தொடரை முடிவு செய்வது சரிவராது என்பது முதல் நாளே புரிந்துபோனது.

பின் எதைப் பார்ப்பது? "எழுதினது யாருன்னு பாரும்மா" என்றாள் மகள். கொரியாவில் பல தொடர்களை முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை ஒருவரே எழுதுகிறார். வார இதழில் தொடர்கதை படித்து வளர்ந்த அம்மாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. அந்தக் காலத்தில் எழுத்தாளர் பெயரைப் பார்த்துத்தானே இதழையே வாங்கினார்கள்! பாராகிளைடிங் போன தென்கொரியப் பணக்காரப் பெண் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு வடகொரியாவில் விழுகிற அந்தக் கதையை எழுதியவர் பார்க் ஜி-இன். பிடித்துப்போனால் அவருடைய 'மை லவ் ஃப்ரம் தி ஸ்டார்', 'குயின் ஆஃப் டியர்ஸ்' என்று அடுத்தடுத்துத் தேடிக்கொள்ளலாம். நாயகன் ஹியூன் பின்னும் நாயகி சன் யே-ஜின்னும் 2022-ல் நிஜமாகவே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்று கேட்டதும் அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நல்லா இருக்கட்டும்" என்றார், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்போல.

அடுத்து பார்த்தது எபிசோடு கணக்கு. வருஷக்கணக்கில் ஓடும் சீரியலுக்குப் பழகிய கண்ணுக்கு, 16 எபிசோடில் கதை முடிவது பெரிய நிம்மதி. ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. காலையில் ஒருவருக்குப் பள்ளிக்கூடம், ஒருவருக்கு ஆபீஸ். அதனால் ராத்திரிக்கு ஒன்றுதான், யாரும் முந்திப் பார்க்கக் கூடாது என்று ஒப்பந்தம். செட்டிங்ஸில் போய், அடுத்த எபிசோடு தானாக ஓடுவதை இருவரும் நிறுத்தி வைத்தார்கள்.

'ரிப்ளை 1988' தொடங்கியபோது அம்மா முதல் நாளே சோர்ந்துவிட்டார். "யாரு யாரோட பிள்ளைன்னே புரியலடி." மகள் விடவில்லை. கொரியத் தொலைக்காட்சிகளில் வாரத்துக்கு இரண்டு எபிசோடு ஒளிபரப்புவதுதான் நெடுநாள் வழக்கம். முதல் இரண்டும் சேர்ந்ததுதான் முதல் வாரக் கதை. ஒன்றோடு நிறுத்துவது பாதியில் எழுந்து போவதுபோல. "ரெண்டு பாரு. அப்பவும் பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

இரண்டாம் ராத்திரி பிடித்துவிட்டது. ஒலிம்பிக் நடந்த வருஷம், சியோல் நகரத்தின் சாங்முன்-டாங் பகுதியில் ஒரு சந்து, ஐந்து குடும்பங்கள். ஒரு வீட்டில் சமைத்தது பிள்ளைகள் கையில் கிண்ணங்களாக அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து வேறொன்று திரும்பி வரும். "நம்ம பழைய லைன் வீடு மாதிரியே இருக்கு" என்றார் அம்மா. அந்தப் பிள்ளைகள் "அப்பா" என்று கூப்பிடும்போதெல்லாம் திரையைத் திரும்பிப் பார்த்தார். கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான்.

ஹாலில் கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் ஒரு கணக்கு. முதல் சீசன் 9 எபிசோடுதான், தமிழிலும் கேட்கலாம் என்பதற்காக 'ஸ்க்விட் கேம்'மைச் சின்னப் பிள்ளைகளோடு போட்டுவிட முடியாது. ரத்தம் தெறிக்கிற, பெரியவர்களுக்கான கதை அது. மூலையில் தெரியும் வயது எண்ணைப் பார்க்க இரண்டு நொடி போதும். தமிழ் ஆடியோ எல்லாத் தொடருக்கும் இருக்காது. சப்டைட்டிலோடு பார்க்க வேண்டியிருந்த நாள்களில், நோட்டுத் திருத்திக்கொண்டே டிவி பார்க்கும் பழக்கத்தை அம்மா விட வேண்டியிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்து பல வருஷம் ஆகியிருந்தது.

நியூஸ் சேனலைத் தாண்டாத அப்பாவுக்கும் ஒன்று அமைந்தது. ஆட்டிசம் உள்ள இளம் பெண் வக்கீலின் கதையான 'எக்ஸ்ட்ராடினரி அட்டர்னி வூ'. வழக்கு வழக்காகப் போகும் கதை, நடுவில் ஒரு நாள் விட்டாலும் புரியும். பார்க்காததுபோலப் பேப்பரைப் பிடித்துக்கொண்டிருந்தவர், மறுநாள் காபி குடிக்கும்போது கேட்டார்: "நேத்து அந்தப் பொண்ணு கேஸ்ல ஜெயிச்சிச்சா?"

பிறகு வந்தது 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்'. 2025 மார்ச்சில், வாரத்துக்கு 4 எபிசோடாக 4 வாரம் வெளியான தொடர். ஜேஜு தீவில், மூச்சை அடக்கிக் கடலில் மூழ்கிச் சம்பாதிக்கும் ஓர் அம்மா, கவிஞராக ஆசைப்பட்ட அவர் மகள், சியோலுக்குப் படிக்கப் போகும் பேத்தி. இளவயது மகளாகவும் பேத்தியாகவும் நடித்தவர் ஒருவரே, பாடகி ஐயூ. ஊரில் இருக்கும் அம்மாவிடம் அந்தப் பேத்தி எரிந்து விழுவாள், பிறகு தனியாக வருந்துவாள்.

அந்தக் காட்சி வந்த ராத்திரி பதினொன்றரை மணிக்கு மதுரையில் போன் அடித்தது.

"நானும் அப்படித்தான் பேசுறேனாம்மா?"

அம்மா நேராகப் பதில் சொல்லவில்லை. "உனக்கு அங்க வேலை ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மகள் அழுதாள். ஆறு மாதமாக ஆபீஸில் நடப்பதையெல்லாம் கொட்டினாள். முடித்தபோது மணி ஒன்று. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அம்மாவுக்கு முதல் பீரியடே கொட்டாவி.

வேலையை விடுவதா, வேறு தேடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. அதைப் பற்றித் தினமும் பேசுகிறார்கள். தொடர் முடிந்த மறுநாள் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது: "அடுத்து ஹாஸ்பிடல் ப்ளேலிஸ்ட். டாக்டருங்க கதை. ரிப்ளை எழுதுனவங்களே எழுதுனது. ஆனா 12 எபிசோடுதான்."

அம்மா கேட்டது ஒரே கேள்வி. "ரெண்டாவது சீசன் இருக்கா?"

இருக்கிறது. அதுவும் 12. மொத்தம் 24 ராத்திரி.