சிங்கம் வளர்த்த கம்பனி

வெள்ளவத்தையிற் குடியிருப்போர்க்குக் கொழும்பு மாநகரின் ஏனைய பகுதியார்க்குக் கிட்டாத பேறொன்று உண்டு. கோயில் மணி ஒலிப்பதற்கு முன்னரே, காலி வீதியில் முதற் பஸ் உறுமுவதற்கும் முன்னரே, காற்று வாய்ப்பான நாள்களில் தெற்கிலிருந்து சிங்கத்தின் கர்ச்சனை கேட்கும். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை நமக்கு அயலிலேயே உள்ளது. சிங்கத்தின் குரலோ ஐந்து மைல் வரை செல்லவல்லது. கொட்டாஞ்சேனையிற் பிறந்து, பின்னர் இங்கு குடிபெயர்ந்த எமக்கு இது புதுமையாக இருந்தது. அயல்வீட்டு ஆசிரியர் ஒருவர் அக்குரலைக் கேட்டே எழுந்து பால் வாங்கப் புறப்படுவார். அவருக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை.

இச்சிங்கம் இங்கு வந்த வரலாறு மாணவர் பலருக்குத் தெரியாது. நம் தீவின் காடுகளிற் சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. குருவிற்றையிற் கிடைத்த பற்களைக் கொண்டு தெரணியாகல என்னும் அறிஞர் 1939ஆம் ஆண்டில் விவரித்த சிங்கம், வரலாற்றுக் காலத்துக்கு முன்னரே மறைந்துபோன இனம். நமக்கென்று உள்ள பெரும்பூனை சிறுத்தை ஒன்றே. கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், அரசனிடம் கரும்புலி ஒன்று கொணரப்பட்டதையும், அவன் அதனைப் பெரிதும் மதித்ததையும் கூறுகிறார். அதுவும் கருநிறச் சிறுத்தையாகவே இருந்திருத்தல் வேண்டும்.

ஆகவே தெகிவளைச் சிங்கங்களின் முன்னோர் கடல் கடந்து வந்தவை. இவ்விடத்தில் மிருகங்களை முதலிற் கூட்டிவைத்தவர் அரசாங்கத்தார் அல்லர்; யோன் ஹாகன்பெக் என்னும் ஜெர்மானியர். மிருக வாணிகத்தில் உலகப் புகழ்பெற்ற ஹம்பர்க் நகரத்துக் கார்ல் ஹாகன்பெக்கின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அவர். மிருகங்களை மட்டுமன்றி, இலங்கை மக்களையும் கப்பலேற்றிச் சென்று ஐரோப்பிய நகரங்களிற் காட்சிப்பொருளாக நிறுத்திக் கட்டணம் வாங்கிய குடும்பம் அது. அச்செய்தியை அறிந்த நாளிலிருந்து அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் எமக்கு மனம் ஒருவாறாகிவிடும். கார்ல் 1907இல் ஹம்பர்க்கின் அருகே கம்பியில்லாத, அகழி சூழ்ந்த மிருகத் தோட்டத்தை அமைத்துப் பெயர்பெற்றார். யோன் 1920களில் தெகிவளையில் ஒரு கம்பனியின் பெயரால் தோட்டம் நடத்தினார். இங்கு பிடித்த மிருகங்கள் மேற்குலகுக்கு ஏற்றப்படும்வரை தங்கிச் செல்லும் இடமாகவும் அது விளங்கிற்று.

அக்கம்பனி 1936இற் கலைக்கப்பட்டது. கம்பனி ஒன்று முறிந்தால் கடன்காரர் வந்து மேசையையும் நாற்காலியையும் ஏலங் கூறுவர். அரிசி ஆலை முறிந்தால் யந்திரம் துருப்பிடித்துக் கிடக்கும். அதனால் யந்திரத்துக்குத் துன்பமில்லை. ஆனால் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து இறாத்தல் இறைச்சி கேட்கும் சிங்கத்தை எந்தக் கடன்காரர் இழுத்துச் செல்வார்? வழக்கு முடியும்வரை அது பசித்திராது என்று எந்த நீதிமன்றம் கட்டளையிடும்? நல்வினைப் பயனாக அரசாங்கம் அவ்வாண்டிலேயே நிலத்தையும் மிருகங்களையும் ஏற்றுக்கொண்டது. பின்னர் ஒப்ரி வெயின்மன் நெடுங்காலம் அதனை வளர்த்தார். அவர்க்குப் பின் வந்த லின் த அல்விஸ், 1973இற் சிங்கப்பூரில் திறக்கப்பட்ட மிருகத் தோட்டத்தைத் திட்டமிட்டுக் கொடுக்குமளவு பெயர்பெற்றார். முறிந்த தனியார் மிருகசாலைகள் யாவற்றுக்கும் இத்தகைய முடிவு வாய்ப்பதில்லை.

1960களில், எமக்குப் பத்து வயதிருக்கும், இந்தியாவிலிருந்து வந்த சர்க்கஸ் ஒன்று வட கொழும்பிற் கூடாரம் அடித்திருந்தது. கச்சான் சரையைக் கையிற் கொடுத்து அம்மான் எம்மை அழைத்துச் சென்றார். ஆட்டம் தொடங்க நேரமிருந்தபடியால் கூடாரத்தின் பின்புறம் போய்ப் பார்த்தோம். சில்லு வைத்த கூண்டொன்றில் ஒரு சிங்கம் கிடந்தது. எழுந்து திரும்புவதற்கு மட்டுமே அதனுள் இடமிருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் வில்போல் வளைந்திருந்தன. இடுப்பெலும்பு தோலைத் தூக்கி நின்றது. கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த தலைச்சேரிக்காரர், “சாப்பாடு கொடுத்தாயிற்றா?” என்று அம்மான் கேட்டதற்கு, “இரண்டு நாளாக மழை ஐயா. சனம் வரவில்லை. சனம் வராவிட்டால் இவனுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை” என்றார். அவர் முகத்திலும் எலும்பு தெரிந்தது. அன்று உள்ளே சிங்கம் முக்காலியின்மேல் ஏறியபோது சனங்கள் கைதட்டினர். அம்மான் தட்டவில்லை.

அக்கால்கள் வளைந்ததன் காரணத்தைப் பல ஆண்டுகளின் பின் மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டறிந்தோம். காட்டுச் சிங்கம் இரையின் தசையை மட்டும் தின்பதில்லை; ஈரல், குடல், மெல்லிய எலும்பு, தோல் அனைத்தையும் தின்கிறது. வெறுந்தசையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதனையே கொடுத்து வளர்க்கும் குட்டியின் உடல், தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எலும்பு மெலிந்து வளையும், சில வேளை தானாகவே முறியும். பட்டினி போட்டு வளர்த்தவர் மட்டுமல்லர், அன்போடு நல்ல இறைச்சியாகவே தேர்ந்து ஊட்டியவரும் இக்கேட்டை விளைவித்திருக்கின்றனர். கூண்டிற்குள் அங்குமிங்கும் ஓயாது நடக்கும் நடையையும் நம்மவர் “இராசநடை” என்று வியப்பர். 2003இல் ஒக்ஸ்பேட் ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வொன்று, காட்டில் எவ்வளவுக்கு விரிந்த நிலப்பரப்பில் ஓர் ஊனுண்ணி திரிகிறதோ அவ்வளவுக்குச் சிறையில் அது இந்நோய்நடைக்கு ஆளாகிறது என்று காட்டிற்று.

இந்தியாவில் சிங்கம், வேங்கை, சிறுத்தை, கரடி, குரங்கு என்பவற்றை வித்தை காட்டப் பழக்கலாகாது என 1998இற் பிறந்த ஆணையை, 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சர்க்கஸ் கூண்டுகளிலிருந்து மீட்கப்பட்டவற்றுக்காகச் சென்னைக்கு அடுத்த வண்டலூர் முதலிய இடங்களிற் காப்பகங்கள் எழுந்தன. அச்சிங்கங்கள் பலவும் ஆபிரிக்க இனமும் கிர்க் காட்டு இனமும் கலந்து பிறந்தவை. ஆதலாற் காட்டில் விடவும் இயலாது, பெருக்கவும் ஆகாது. முதுமை வந்து சாகும்வரை ஊட்டிக் காப்பதே அரசாங்கத்தின் பணியாயிற்று. இலாபம் எடுத்தவர் வேறு, செலவு செய்தவர் வேறு.

செல்வம் மிகுந்த நாட்டில் இத்தொல்லை நேராது என்று எண்ணுதற்கில்லை. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துச் சேன்ஸ்வில் நகரின் அருகே, தம் பண்ணையில் ஐம்பதுக்கு மேற்பட்ட மிருகங்களை வைத்திருந்த ஒருவர், 2011 ஒக்டோபர் 18ஆம் நாள் கூண்டுகளைத் திறந்துவிட்டுத் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். மாலை நேரம், அருகே பெருந்தெரு, வீடுகள். காவற்றுறையினர் வேறு வழியின்றிப் பதினெட்டு வேங்கைகளையும் பதினேழு சிங்கங்களையும் சுட்டுக் கொன்றனர். கரடி முதலியனவும் மாண்டன. ஒரே இரவில் அழிந்த வேங்கைகள் அத்தனை!

உயிர் தப்பியவை ஆறு. அவற்றைக் கொலம்பஸ் நகர மிருகக்காட்சிச்சாலை ஏற்றுப் பேணிற்று. அங்கு ஒரு சிறுத்தை இறந்தது. மிகுதி ஐந்தும், இரு சிறுத்தைகள் உட்பட, 2012 மே மாதத்தில் இறந்தவரின் மனைவியிடமே, அதே பண்ணைக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன. அவை அவர் உடைமை. தடுக்க அன்று சட்டம் இருக்கவில்லை. அடுத்த மாதமே ஒகையோ மாநிலம் சட்டம் இயற்றியது. நாடு முழுவதற்குமான சட்டம் 2022 டிசெம்பரில் வந்தது. இனித் தனியார் புதிதாகப் பெரும்பூனை வாங்கலாகாது. முன்பே வைத்திருந்து 2023 யூன் மாதத்துக்குள் பதிவு செய்துகொண்டோர், இனம் பெருக்காது, விற்காது, உள்ளவற்றை அவற்றின் ஆயுள்வரை வைத்துக்கொள்ளலாம். சிறையிற் சிங்கம் இருபது ஆண்டு வரை வாழக்கூடும்.