மலை நகர்ந்தால் வானத்துக்குத் தெரியும்... அடிவாரத்துக்கு?

திருவண்ணாமலையில் யாரிடம் வழி கேட்டாலும் மலையை வைத்துத்தான் சொல்வார்கள். மலைக்கு இந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம், மலையைப் பார்த்தபடி நேரே போங்க. கடைகள் மாறும், தெருக்கள் மாறும். 2,668 அடி உயரத்தில் நிற்கும் மலை மட்டும் அப்படியே இருக்கும் என்பது ஊரின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை 2024 டிசம்பர் 1-ம் தேதி ஆட்டம் கண்டது. முந்தைய நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. உள்மாவட்டங்களில் விடாத மழை. மாலையில் வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து இறங்கிய மண்ணும் பாறையும் ஒரு வீட்டை மூடின. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

அடுத்த இரண்டு வாரத்துக்குள் கார்த்திகை தீபம். நிபுணர்கள் மலையை ஆய்வு செய்த பிறகு, அந்த ஆண்டு பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபம் ஏறியது. மக்கள் கீழே நின்றபடியே கும்பிட்டார்கள்.

கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். அடிவாரத்தில் வீடு கட்டியவர்கள் எங்கே போவார்கள்? மழை வலுக்கும்போது அவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: இன்று ராத்திரி பிள்ளைகளை இங்கேயே படுக்க வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குப் பாதி பதில் 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார் செயற்கைக்கோள் அது. நாசா ஒரு ரேடாரும் இஸ்ரோ ஒரு ரேடாரும் செய்து கொடுக்க, இரண்டும் 12 மீட்டர் அகல ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்கின்றன. 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வரும். ரேடாருக்கு இருட்டும் மேகமும் தடையில்லை. கார்த்திகை மாதத்து வானத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

அது எப்படி அளக்கிறது? வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் புள்ளிகளும் இருந்த இடத்தில் இருந்து, ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளிப்போனால் கோடு சேராது. கண் உடனே பிடித்துவிடும். செயற்கைக்கோள் கீழே ரேடியோ அலையை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. 12 நாள் கழித்து அதே இடத்திலிருந்து வரும் எதிரொலியோடு ஒப்பிடுகிறது. தரை சில மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும், திரும்பி வரும் அலையின் மேடு பள்ளம் அதற்கேற்பத் தள்ளிப்போயிருக்கும். அந்தத் தள்ளல்தான் கணக்கு.

கடலுக்கு நடுவே நிற்கும் எண்ணெய் மேடைகளின் அசைவை அறியவும் இந்த முறையைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அதன் தேவையைப் புரியவைக்க நார்வேயின் எகோஃபிஸ்க் போதும். எண்ணெய் எடுக்க எடுக்கக் கடலடித் தரை அமிழ்ந்துகொண்டே போனது 1984-ல்தான் கவனத்துக்கு வந்தது. 1987-ல் மேடைகளை ஜாக்கி வைத்து 6 மீட்டர் உயர்த்தினார்கள். ரேடாருக்குக் கடல் கஷ்டமான இடம். சுற்றிலும் அலை, ஒப்பிட்டுப் பார்க்க அசையாத புள்ளி கிடைப்பது அரிது. திருவண்ணாமலைக்கு அந்தக் குறை இல்லை. கோபுரங்கள், மொட்டை மாடிகள் என்று அடிவாரம் முழுக்க நிலையான புள்ளிகள்.

சிக்கல் மலைமேல்தான். மரமும் புதரும் காற்றில் ஆடினால் எதிரொலி குழம்பும். நிசாரின் நீளமான அலை, சுமார் 24 சென்டிமீட்டர், இலைகளைத் தாண்டித் தரையைத் தொடக்கூடியது. ஆனால் செங்குத்தான சரிவின் சில பக்கங்கள் ரேடாரின் நிழலில் மறைந்துவிடும்.

அதைவிடப் பெரிய வரம்பு ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மெல்ல நழுவும் சரிவை ரேடார் காட்டும். ஒரே மழையில் கரைந்து இறங்கும் சேற்றையும், திடீரென்று உருளும் பாறையையும் 12 நாளுக்கு ஒருமுறை வருகிற கண்ணால் முன்கூட்டிப் பிடிக்க முடியாது. எந்தச் சரிவின் மேல் கவனம் வேண்டும் என்று அது சொல்லும். அந்த இடத்தில் மழைமானி வைப்பதும், நேரத்தோடு வீடுகளைக் காலிசெய்யச் சொல்வதும் மனிதர்களின் வேலை.

சொல்வது என்பது சின்ன விஷயம் இல்லை. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட் நகரில் வீடுகள் விரிசல் விட்டபோது, 12 நாளில் தரை 5.4 சென்டிமீட்டர் இறங்கியதாக இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் தரவை வைத்து அறிக்கை வெளியிட்டது. அடுத்த சில நாளில் அந்த அறிக்கை இணையதளத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஊடகங்களிடம் பேச வேண்டாம் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தலும் வந்தது. பீதி பரவும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் விரிசல் விட்ட சுவருக்குள் படுக்கிறவருக்குப் பீதி ஏற்கெனவே வந்துவிட்டது. அவருக்கு வேண்டியது விவரம்.

நிசாரின் தரவு எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் வண்ண வண்ணமான வரைபடம் கம்ப்யூட்டரில் கிடப்பதால் அடிவாரத்துக்கு என்ன லாபம்? 'உங்கள் தெருவுக்கு மேலே உள்ள சரிவு நகர்கிறது, மழை இவ்வளவு தாண்டினால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள்' என்று தமிழில், தெருவாரியாக, ஐப்பசிக்கு முன்பே சொல்லப்பட்டால்தான் அந்த ரேடார் வேலை செய்ததாக அர்த்தம்.

அதுவரை அடிவாரத்தில் இருப்பவர்களின் கண்களே முதல் கருவி. சுவரிலோ தரையிலோ புதிய விரிசல், சாயத் தொடங்கும் மரமோ மின்கம்பமோ, திடீரென்று கலங்கி வரும் ஊற்றுநீர், நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகிக்கொள்வது: மழைக்காலத்தில் இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐ அழையுங்கள்.