ஒரு கோட்டின் இருபுறமும்

விசைப்பலகையில் நேராக நிற்கும் அந்தக் கோடு ஒன்றுதான். கணிதத்தில் அது பார்க்கும் வேலைகள் பல. |−5| என்று எழுதினால் அது மட்டு மதிப்பு. 3 | 12 என்றால் 12ஐ 3 மீதியின்றி வகுக்கிறது. கணத்தை எழுதும் அடைப்புக்குள் வந்தால் ‘இந்த நிபந்தனைக்கு உட்பட்ட’ என்று பொருள். நிகழ்தகவில் வந்தால் ‘இன்னது நடந்துவிட்டது என்று தெரிந்த நிலையில்’. வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர் எல்லாவற்றுக்கும் ஒரே இழுப்பாகக் கோடு போட்டுவிடுவார். கூடவே வாயாலும் சொல்லிவிடுவதால் பிள்ளைகளுக்குக் குழப்பமில்லை. அச்சில் அந்த வாய் கிடையாது. கோட்டின் இருபுறமும் விடுகிற வெள்ளை இடம்தான் அது என்ன சொல்கிறது என்று காட்டியாக வேண்டும்.

கணிதக் கட்டுரைகளை அச்சுக்குக் கோத்துக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டு ஆய்விதழ்கள் பலவற்றின் பக்கங்கள் சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் அலுவலகங்களில் உருவாகின்றன. எங்களுக்கு வரும் கோப்புகளில் பெரும்பாலானவை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதப்பட்டவை. அதில் |−5| என்பதற்கு விசைப்பலகைக் கோட்டையே அப்படியே அடித்தால், கழித்தல் குறிக்கு இருபுறமும் இடைவெளி விழுந்துவிடும். கோட்டிலிருந்து ஐந்தைக் கழிக்கச் சொன்னதுபோல் இருக்கும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் உடனே அந்த இடைவெளியைக் கையால் சுருக்கப் போவார்கள். “விடுப்பா, அது சரியாத்தான் செஞ்சிருக்கு. இந்தக் கோடு யாருன்னு நாமதான் அதுக்குச் சொல்லலை” என்று தடுப்பேன்.

லேடெக்குக்கு அடித்தளமான டெக், ஒவ்வொரு குறியையும் ஏதாவது ஒரு வகையில் சேர்த்து வைத்திருக்கிறது. சாதாரண எழுத்து, கூட்டல் கழித்தல் போல இரண்டுக்கு நடுவே நிற்பவை, சமக்குறி போன்ற உறவுக்குறிகள், திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, நிறுத்தக்குறி என்று போகிறது பட்டியல். எந்த வகைக்குப் பக்கத்தில் எந்த வகை வந்தால் எவ்வளவு இடம் விடுவது என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு. எழுத்தின் அளவுக்கு ஈடான ‘குவாட்’ என்ற அகலத்தை 18 கூறாகப் பிரித்து, ஒடுங்கிய இடைவெளிக்கு 3 கூறு, கூட்டல் கழித்தலுக்கு 4, சமக்குறிக்கு 5. நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆனாலும் நீண்ட சமன்பாட்டில் சமக்குறியில்தான் வரி இரண்டாகப் பிரிகிறது என்று கண் தானாகவே கண்டுகொள்கிறது. கழித்தல் குறிக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, அல்லது திறக்கும் அடைப்போ சமக்குறியோ இருக்கிறது என்றால், இது குறை எண்ணின் குறி என்று எடுத்துக்கொண்டு டெக் அந்த 4 கூறை நீக்கிவிடும். வெறும் கோடோ சாதாரண எழுத்து வகையைச் சேர்ந்தது. எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே வருவது கழித்தல்தானே? இது திறக்கும் கோடு, இது மூடும் கோடு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வகுக்கும் கோட்டுக்கு ‘மிட்’ என்று தனிக் கட்டளை; அதற்குச் சமக்குறிக்குரிய 5 கூறு கிடைக்கும். ஆக, ஒரு வரியைக் கோக்க வேண்டுமானால் அதில் எந்தக் குறி என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வேலையில் நான் இத்தனை காலம் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

டெக்கை எழுதியவர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் குனுத். அவருடைய ‘தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்’ நூலின் இரண்டாம் தொகுதி 1969இல் ஈய எழுத்தில், மோனோடைப் இயந்திரத்தில் கோக்கப்பட்டு வந்தது. அடுத்த பதிப்புக்கான புரூஃப் 1977இல் கைக்கு வந்தபோது அச்சகம் ஒளி அச்சுக்கோப்புக்கு மாறியிருந்தது. எழுத்தும் இடைவெளியும் அவருக்குச் சகிக்கவில்லை. தாமே ஒரு மென்பொருள் எழுதிவிடுவதென்று இறங்கினார். ஓராண்டு விடுப்பில் முடியும் என்று நினைத்த வேலை நிலைபெற ஏறத்தாழ பத்தாண்டு பிடித்தது. அந்தத் தொகுதி 1981இல் டெக்கில் கோக்கப்பட்டு வெளிவந்தது.

இடைவெளிகளுக்கான விதிகளை அவர் தம் விருப்பத்துக்கு வகுக்கவில்லை. நன்றாக அச்சான பழைய இதழ்களை எடுத்து வைத்து, எந்தக் குறியைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தார். ஸ்வீடனின் ஆக்டா மேத்தமேட்டிகா அவற்றில் ஒன்று. அந்தப் பக்கங்களைக் கோத்த கம்போசிட்டர்களின் பெயர் கட்டுரைகளின் தலைப்பில் இல்லை. சமக்குறிக்குப் பக்கத்தில் அவர்கள் கை செருகிய மெல்லிய ஈயத் துண்டுகளின் அளவுதான் இன்றைக்கு உலகம் முழுவதும் டெக்கில் கணிதம் அச்சாகும் அளவு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வருகிறது. அந்தக் கைகள் எட்டாத பக்கங்களும் இருந்தன. நம்மூர் நூலகங்களில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினால் தட்டச்சு வரிகளுக்கு நடுவே விட்ட இடத்தில் கிரேக்க எழுத்துகளும் தொகையீட்டுக் குறிகளும் மையால் எழுதப்பட்டிருக்கும். அச்சுக்கு நிகரான பக்கத்தை ஓர் ஆராய்ச்சி மாணவர் தாமே உருவாக்க முடியும் என்ற நிலை குனுத்துக்குப் பிறகே வந்தது. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின்மேல் லேடெக்கைக் கட்டிக் கொடுத்தபின் பரவலானது. இரண்டையும் யாரும் காசில்லாமல் பயன்படுத்தலாம்.

எல்லாமே அட்டவணைக்குள் அடங்கிவிடாது. தொகையீட்டின் முடிவில் வரும் ‘டி எக்ஸ்’ஸுக்கு முன்னால் 3 கூறு இடம் வேண்டும், அது அங்கே ஒரு தனி உறுப்பு. ஆனால் டியும் எக்ஸும் பெருக்கப்படும் இரண்டு மாறிகளாகவும் இருக்கலாம் அல்லவா? எது எது என்று டெக்குக்குத் தெரிய வழியில்லை. கோப்பவர் அந்த இடத்தில் கட்டளை போட்டாக வேண்டும். அதைப் போடாத தொகையீடுகள் அச்சேறி வந்துகொண்டே இருக்கின்றன. பொருள் மாறிவிடாது என்று சிலர் சொல்வார்கள். பக்கத்துக்கு இருபது தொகையீடு படிக்கிறவர் கண்ணை அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலை இராமானுஜன் சூத்திரங்களைக் கோப்பது. 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தார்: √(1+2√(1+3√(1+…))) என்று முடிவில்லாமல் போகும் வர்க்கமூலத்தின் மதிப்பு என்ன? விடை 3. நான் இங்கே ஒரே வரியில் அடைப்புகளைப் போட்டு எழுதியிருக்கிறேன். அச்சில் அடைப்பே வேண்டாம். ஒவ்வொரு மூலக்குறியும் தன் மேற்கோட்டை வரி முடியும்வரை நீட்டி உள்ளே இருப்பதை மூடிக்கொள்ளும், வெளியே போகப் போகக் குறி உயரும். ஈயக் காலத்தில் மேற்கோட்டைத் தனித் தகடாக வைத்துப் பொருத்துவார்கள். சேருமிடத்தில் சிறு பிளவு தெரிவதுண்டு. டெக் உள்ளிருப்பதன் உயரத்தைப் பார்த்து அதற்கேற்ற குறியை எடுத்துக் கோட்டோடு இணைத்துவிடுகிறது.

பகுதிக்குள் இன்னொரு பின்னமாக இறங்கிக்கொண்டே போகும் தொடர் பின்னம் அவ்வளவு சுலபமாகப் படிவதில்லை. 1913இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு இராமானுஜன் எழுதிய முதல் கடிதத்தில் அப்படிப்பட்ட பின்னங்கள் இருந்தன. சாதாரணப் பின்னக் கட்டளையைப் பகுதிக்குள் பகுதியாக அடுக்கினால், 10 புள்ளி எழுத்து 7ஆகி, 5ஆகி, மூன்று படி இறங்குவதற்குள் கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டியதாகிவிடும். மற்ற பின்னங்களுக்கு அந்தச் சுருக்கம் சரிதான். இங்கே எல்லாப் படியும் சம முக்கியத்துவம் உடையவை. கடைசியில் வரும் 1, முதலில் வந்த 1ஐவிடச் சிறியது அல்ல. எழுத்தைச் சிறுக்கவிடாமல் வைக்க அமெரிக்கக் கணிதக் கழகத்தின் லேடெக் தொகுப்பில் தனிக் கட்டளை இருக்கிறது. அதைப் போட்டால் பின்னம் பக்கத்தில் நிறைய இடம் பிடிக்கும். பழைய நூல்கள் இடத்தை மிச்சம்பிடிக்க, கூட்டல் குறிகளைப் பகுதிக்குப் பக்கத்தில் கீழே இறக்கி, எல்லாப் பின்னங்களையும் ஒரே வரியில் வைத்துவிடும். வாக்கியத்துக்கு நடுவே வந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். தனி வரியில் நிற்கும்போது நான்கு படியாவது முழு அளவில் இறங்கி, பிறகு சாய்ந்த மூன்று புள்ளி வர வேண்டும். பக்கம் நீள்கிறது என்று இதழிலிருந்து கேட்டால், சுற்றியுள்ள வேறு எதையாவது குறைத்துத் தருகிறேன் என்று பதில் எழுதுவேன்.