பெட்டியைப் பிரிக்கும் முன் சுவரைப் பாருங்கள்

வெளியில் வைஃபை கருவி பொருத்துவது லேப்டாப் வேலை என்றுதான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்திருந்தேன். ஐ.பி. முகவரி, சேனல், பாஸ்வேர்டு மூன்றும் சரியாக இருந்தால் சிக்னல் தானாக வந்துவிடும் என்பது என் நம்பிக்கை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்களில் ஏணி தூக்கி அலைந்தபோது அந்த நம்பிக்கை கரைந்தது. அதைக் கரைத்தவர் ஆம்பூரை ஒட்டிய ஒரு டேனரியின் எலக்ட்ரீஷியன். அங்கே எல்லோருக்கும் அவர் ‘பாய்’.

அந்த டேனரியில் கழிவுநீரை அளக்கும் மீட்டர் காம்பவுண்டின் பின்கோடியில் இருந்தது. ஆபீஸ் முன்பக்கம். இடையில் சுண்ணாம்பு யார்டு, டிரம் ஷெட், லாரி திரும்பும் இடம். நெட்வொர்க் கேபிளை ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் கொண்டுபோக முடியாது. அதனால் இரண்டு முனையிலும் கருவி வைத்து, காற்றுவழியே இணைத்திருந்தார்கள். இந்தப் பகுதியில் அந்த மீட்டர் காட்டும் எண் சாதாரண எண் அல்ல. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் தோல் கழிவு கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்புச் சொன்னது. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடுதல் உட்பட 17 வகைத் தொழில்கள் கழிவை ஆன்லைனில் கண்காணிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் மீட்டரின் எண் அடிக்கடி வராமல் போகிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். வேறொருவர் பொருத்தி ஒரு மழைக்காலம்கூட முழுதாக முடிந்திருக்கவில்லை.

நான் லேப்டாப்பைத் திறக்கப் போனேன். பாய் கையைப் பிடித்தார். “தம்பி, அது எங்கேயும் ஓடிடாது. மொதல்ல இந்த போல்ட்டைப் பாரு.”

மீட்டர் பக்கத்துக் கருவியைத் தாங்கிய கிளாம்பின் போல்ட் அது. ஜிங்க் பூச்சு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, உள்ளே இரும்பு செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. விரலால் தேய்த்தால் கையோடு வந்தது. “அதே நாளு, அதே பாக்கெட்டுல எடுத்த போல்ட்டு ஆபீஸ் மாடியிலயும் இருக்கு, போய்ப் பாரு” என்றார். போய்ப் பார்த்தேன். புதிது போலப் பளபளத்தது. திரும்பி வந்து கேபிள் ஜாக்கைக் கழற்றினேன். பொன்னிறமாக இருக்க வேண்டிய எட்டுத் தகடுகளும் கறுத்துக் கிடந்தன. உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

சுண்ணாம்பு யார்டில் தோலின் முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் கலந்த கழிவு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அது செம்பைக் கறுப்பாக்கும். தங்கப் பூச்சு மெல்லியதாக இருந்தால் அதன் நுண்துளை வழியே புகுந்து அடியிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். பச்சைத்தோலில் தடவிய உப்பு தூசாகப் பறந்து இரும்பைத் தின்னும். கருவியின் அட்டையில் ‘ஐ.பி.67’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. தூசி நுழையாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதே அதன் பொருள். வாயுவைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. சுவரில் இருந்த போல்ட் சொன்னது.

அன்றிலிருந்து என் வேலையின் வரிசை மாறியது. முதலில் அந்த இடத்தின் பழைய ஆணி, கதவுக் கீல், டியூப்லைட் பட்டி, எர்த் கம்பி ஆகியவற்றைப் பார்ப்பேன். அரிப்பு தெரிந்தால் கருவியை யார்டை விட்டுத் தள்ளி, காற்று வீசிவரும் பக்கத்துக்கு மாற்றுவேன். போல்ட் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். ஜாக்கில் கிரீஸ் தடவி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைச் சுற்றுவேன்.

அடுத்தது கேபிள். வெயில் தாங்கும் கறுப்பு உறை, உள்ளே முழுச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய மலிவுக் கேபிளில் மின்தடை அதிகம். கருவிக்குக் கரண்டும் அதே கேபிளில்தான் போகிறது என்பதால், தூரம் கூடினால் அது அணைந்து அணைந்து எரியும். கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் கீழே தொங்கி வளைந்து மேலேற வேண்டும். அப்போதுதான் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

பிறகு எர்த். கோடை இடிமழை இந்தப் பகுதியில் கடுமையாக இருக்கும். கத்திரி வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தின் மின்தடை ஏறிவிடும். கரியும் உப்பும் போட்ட குழியில் பாய் கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றுவார். சர்ஜ் ப்ரொடெக்டரை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், எர்த் சரியில்லை என்றால் அது வெறும் டப்பா.

இவ்வளவுக்கும் பிறகுதான் லேப்டாப். இந்தியாவில் 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் இன்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. எனவே இரு முனை இணைப்பை அதில் அமைத்து, நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சில சேனல்கள் ரேடாருக்கும் உரியவை. ரேடார் இருப்பதாக உணர்ந்தால் கருவி உடனே விலகி, வேறு சேனல் தேடும். மீட்டர் எண் விடாமல் வர வேண்டிய இடத்தில் அவற்றைத் தவிர்ப்பேன். 300 மீட்டர் இணைப்பு என்றால் நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 2 மீட்டர் வெட்டவெளி தேவை. கன்டெய்னர் லாரி வந்து நிற்கும் உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஷெட்டுக்குள் போன்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் கொடுத்தால் 1, 6, 11 என்ற சேனல்களில் ஒன்று. ஈரத்தோல் அடுக்கு சிக்னலைக் குடித்துவிடும் என்பதால் சரக்கு நிறைந்திருக்கும்போதுதான் சோதிப்பேன். பவரை உச்சத்தில் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. கருவி கத்துவது போனுக்குக் கேட்கும். போனின் மெல்லிய குரல் கருவிக்கு எட்டாது. அளவாக வைத்தால் இரண்டும் பேசிக்கொள்ளும். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றி, மீட்டருக்கும் விருந்தினருக்கும் தனித்தனி நெட்வொர்க் பிரித்து, அமைப்பின் நகலை எடுத்துவைத்தால் வேலை முடிந்தது.

இத்தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. வேலையைத் தொடங்கும் முன் அந்த இடத்து எலக்ட்ரீஷியனோடு ஒரு ஷிஃப்ட் முழுக்கச் சுற்றுங்கள். அவருக்குத் தெரிந்தது எந்த மேனுவலிலும் இல்லை. இன்னொன்று, ஜாக் கறுத்திருப்பதைப் பார்த்தால் மாற்றிவிட்டுப் பேசாமல் இறங்காதீர்கள். அதைக் கறுக்க வைத்த வாயுவைத்தான் அங்கே வேலை செய்பவர்களும் சுவாசிக்கிறார்கள். குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வீசும் அந்த வாயு, அளவு ஏறினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்து ஆளைக் கொல்லும். கறுத்த ஜாக்கை மேனேஜர் மேஜையில் வைத்து, அந்த இடத்தில் வாயு அளக்கும் கருவி வேண்டும் என்று கேளுங்கள். நாம் போடும் நெட்வொர்க் மீட்டரின் எண்ணைக் கொண்டுவருவது போல அந்த எச்சரிக்கையையும் கொண்டுவரட்டும்.