மாநகரில் பத்து நாள்

கிறிஸ்துமஸ் என்னும் சொல்லைக் கேட்டதும் மேலைநாட்டார்க்கு வெண்பனி நினைவுக்கு வரும். நமக்கோ அது மழைக்காலத் திருநாள். வடகிழக்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழை ஓயாது பொழியும் டிசம்பர் மாதத்தில், ஜொகூர் பாலத்தின் இருபுறமும் பிரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல ஒன்றுகூடுகின்றன. அண்ணன் அக்கரையிலும் தம்பி இக்கரையிலுமாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஆண்டு முழுதும் தொலைபேசியில் மட்டும் ஒலித்த குரல்கள், அந்தச் சில நாள்களில்தாம் முகம் பெறுகின்றன. விருந்தும் புத்தாடையும் ஒருபுறமிருக்க, விடுமுறை என்பது ஒரு குடும்பம் தன்னைத்தானே எடைபோட்டுப் பார்க்கும் காலமும் ஆகும். எது நம்மிடம் எஞ்சியிருக்கிறது, எது கைநழுவிக்கொண்டிருக்கிறது என்பது அப்பொழுது தெரிந்துவிடும்.

2023ஆம் ஆண்டு டிசம்பரில் என் தாயாரை அழைத்துக்கொண்டு சிங்கப்பூரிலுள்ள தம்பியின் வீட்டில் பத்து நாள் தங்கினேன். அம்மா, பேராக் மாநிலத்தில் கோலகங்சாருக்கு அருகே ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பால்மரம் வெட்டியவர். அப்பொழுது எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்தார். தம்பியோ கல்வியால் உயர்ந்து, வேலையின் பொருட்டு அம்மாநகரில் குடியேறியவன். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பன்னிரண்டாம் தளத்தில் அவன் வீடு. பதின்மூன்று வயதில் ஒரு மகள். ஒன்பது வயதில் ஒரு மகன். இதற்குமுன் பிள்ளைகள்தாம் எங்கள் ஊருக்கு வருவார்கள். கோழியும் ஆடும் ஆற்றுக்கரையுமாக ஓரிரு நாள் ஓடிவிடும். அங்கே பேச்சுக்குத் தேவையே எழவில்லை. நான்கு சுவர்களுக்குள் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பத்து நாள் சேர்ந்திருப்பது இதுவே முதன்முறை.

சிங்கப்பூரில் தமிழ் அதிகாரத்துவ மொழிகள் நான்கனுள் ஒன்று. பெருவிரைவு இரயிலில் ஏறியதும் பாதுகாப்பு அறிவிப்பு தமிழிலும் ஒலித்தபோது அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம பாசையிலேயும் சொல்றாங்களே!” என்று வியந்தார். அயல்நாட்டு மாநகரம் அவரோடு அவருடைய மொழியில் பேசியது. ஆனால் வீட்டிற்குள் நுழைந்தபின் அவரோடு அம்மொழியில் பேசுவதற்குப் பிள்ளைகள் திணறினார்கள். விந்தையான முரண் அன்றோ இது?

“சாப்பிட்டியா ஐயா?” என்று பாட்டி கேட்பார். “யெஸ், பாட்டி” என்று பேரன் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். “பள்ளிக்கூடத்துல என்னம்மா சொல்லிக் குடுக்குறாங்க?” என்பார். பேத்தி புன்னகைத்துத் தந்தையை நோக்குவாள். தம்பி ஆங்கிலத்தில் கேட்டு, விடையைத் தமிழாக்கித் தாய்க்குச் சொல்வான். அவர்களிடம் அன்பும் பணிவும் குறைவின்றி இருந்தன. காலையில் எழுந்ததும் பாட்டியின் கன்னத்தில் முத்தமிடத் தவறியதில்லை. இல்லாதிருந்தது சொல் ஒன்றுதான்.

மூன்றாம் நாள் இரவு, எல்லாரும் உறங்கிய பின்னர், சன்னலோரம் அமர்ந்திருந்த அம்மா என்னை அழைத்தார். “பெரியவனே, என் பேரப்புள்ளைங்ககிட்ட நான் பேசுறதுக்கே நடுவுல ஒரு ஆள் வேண்டியிருக்கே. நான் இங்க இருந்து என்ன செய்யப் போறேன்? நாளைக்கு பஸ் இருந்தா ஊருக்குப் போயிருவோம்” என்றார். அவர் குரலில் சினமில்லை. ஆனால் இப்பொழுது திரும்பிச் சென்றால் அவர் இனி இவ்வீட்டுக்கு வரமாட்டார் என்பதை நான் உணர்ந்தேன். முதுமையில் ஒருவர் எடுக்கும் முடிவுகளுக்கு மறுபரிசீலனைக் காலம் மிகுதியாக இருப்பதில்லை.

தம்பியையோ அவன் மனைவியையோ குறைகூறுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். பிள்ளைகளின் பள்ளிமொழி ஆங்கிலம், விளையாட்டுமொழியும் ஆங்கிலம். சிங்கப்பூரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதனையே காட்டுகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளருள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010ஆம் ஆண்டில் 3.3 விழுக்காட்டினர்; 2020ஆம் ஆண்டில் 2.5 விழுக்காட்டினர். இவ்விலக்கங்களுக்குள் என் தம்பியின் வீடும் ஒரு புள்ளியாக அடங்கியிருக்கிறது. பிள்ளைகள் பள்ளியில் தமிழ் பயில்கிறார்கள். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். எழுதத் தெரிந்த மொழியை வாயெடுத்துப் பேசத்தான் நாணினார்கள். பிழை வந்துவிடுமோ என்னும் அச்சம் அவர்கள் நாவைக் கட்டியிருந்தது.

அம்மாவின் பயணத்தைத் தடுத்தது முறுக்கு மாவு. கிறிஸ்துமசுக்குப் பலகாரம் செய்வதற்கென ஊரிலிருந்தே அவர் அரைத்துக் கொண்டுவந்த மாவு அப்படியே இருந்தது. அதை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து அமர்ந்தார். வேறு வேலையற்ற பேத்தி அருகில் வந்து குந்தினாள். “பதம் வந்திருச்சான்னு பாரு” என்றார் பாட்டி. பெண் என்னை நோக்கி, பதம் என்றால் என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டாள். பல்லாண்டு தமிழ் கற்பித்த எனக்கும் சட்டென ஒரு விளக்கம் அமையவில்லை. அம்மா அவள் கையைப் பற்றி மாவுக்குள் வைத்தார். “கையில ஒட்டுச்சுன்னா தண்ணி கூட. பிழியும்போது வெடிச்சுச்சுன்னா தண்ணி கம்மி. ரெண்டும் இல்லேன்னா அதுதான் பதம்” என்றார். எந்த அகராதியும் அதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட இயலாது. பதம் என்பதற்குத் தமிழில் ‘சொல்’ என்றும் ஒரு பொருளுண்டு என்று நான் கூறியபோது, அவள் மாவு படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே அச்சொல்லை இரண்டுமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிற்பகலுக்குள் பிசை, பிழி, புரட்டு, வடி ஆகிய வினைகள் யாவும் அவள் கைக்கு வந்துவிட்டன. கைக்கு வந்தவை வாய்க்கும் வந்தன.

அன்று மாலை நகரைக் காணப் புறப்பட்டோம். வழியில் புனித அந்திரேயா பேராலயத்தின் முன் சற்றே நின்றோம். 1862ஆம் ஆண்டில் அர்ப்பணிக்கப்பெற்ற அவ்வெண்ணிறக் கோயிலை எழுப்பியவர்கள், இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். அதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது ‘மதராஸ் சுண்ணாம்பு’ என்னும் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெண்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்து உருவாக்கிய கலவை அது. இதனை நான் விளக்கியபோது, அதுவரை ஒரு முழுத் தமிழ் வாக்கியம் பேசியிராத சிறுவன், “அதுக்கும் பதம் இருக்கா பெரியப்பா?” என்று கேட்டான். நான் விடைகூறுமுன் பாட்டி முந்திக்கொண்டார்: “பதமில்லாம எது நிக்கும்யா?” இடையில் ஆளின்றி இருவரும் பேசிக்கொண்ட முதற்பேச்சு அது.

ஆர்ச்சர்ட் சாலையில் அன்று சாரல் விழுந்துகொண்டிருந்தது. 1984ஆம் ஆண்டு தொடங்கி அச்சாலையில் கிறிஸ்துமஸ் ஒளியலங்காரம் நடைபெற்று வருகிறது. மரங்களினின்றும் தோரணங்களினின்றும் ஒளி வழிந்து, ஈரத் தரையிலும் மற்றொரு சாலை ஒளிர்வதுபோல் தோன்றிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்விடம் சாதிக்காய்த் தோட்டங்களும் பழத்தோட்டங்களுமாக இருந்தது. பெயரும் அதனால் வந்ததே. நோய் கண்டு சாதிக்காய் மரங்கள் அழிந்தன. பெயர் மட்டும் நிலைத்தது. இவ்வளவையும் கேட்ட அம்மா, “இதுவும் தோட்டந்தானா!” என்றார். பிறகு ஒளிவிளக்குகளைப் பார்த்தவாறே, “நாங்களும் விடியறதுக்கு முன்னாடி நெத்தியில வெளக்கைக் கட்டிக்கிட்டுத்தான் மரத்துக்குப் போவோம்” என்று சொன்னார். “ஏன் பாட்டி இருட்டுல?” என்று கேட்டான் பேரன். “மரத்தைக் காட்டு, சொல்றேன்” என்றார் பாட்டி.

அந்த மாநகரில் பால்மரத்துக்கு எங்கே போவது? ஆனால் அதற்குரிய இடம் அச்சாலைக்கு அண்மையிலேயே இருந்தது. சிங்கப்பூர்த் தமிழர் ‘பூமலை’ என்று வழங்கிவந்த தாவரவியல் பூங்கா அது. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 1877ஆம் ஆண்டில் ரப்பர் நாற்றுகள் 22 அங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டன. பூங்காவின் இயக்குநராக 1888ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தை மாய்க்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை அங்கேதான் ஆராய்ந்து வகுத்தார். தோட்டங்கள் பெருகின, தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக நம் முன்னோர் வந்தனர். எங்கள் ஊரும் எங்கள் குடும்பமும் இத்தீபகற்பத்தில் வேரூன்றிய கதைக்கு அந்நாற்றுகளே முதல் வரி எனலாம்.

மறுநாட்காலை ரப்பர் மரத்தின் முன் நின்றபோது அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. அருகிலிருந்த ஆங்கில விளக்கப் பலகையை அவரால் படிக்க இயலாது. ஆனால் அப்பலகையில் எழுதப்படாதவற்றை அவர் அறிவார். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து செல்லும் வெட்டுக்கோட்டை விரலால் மரத்தின்மீது வரைந்து காட்டினார். “பட்டையை மட்டுந்தான் சீவணும். உள்ள மரத்துல உளி பட்டா புண்ணாயிரும்; அப்புறம் அந்த இடத்துல பால் வராது” என்றார். விடியலின் குளிர்ச்சியில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும் என்று சொல்லி, முன்னிரவுக் கேள்விக்கும் விடை தந்தார். நிரை, மங்கு, ஒட்டுப்பால், பெரட்டு என்று சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. மங்கு என்பது மலாய்மொழியின் ‘மங்கோக்’ நம் நாவில் உருமாறியது என்று நான் சேர்த்துக்கொண்டேன். சிறுவன் அச்சொற்களைத் தன் சிறு குறிப்பேட்டில் தமிழெழுத்தில் எழுதிக்கொண்டான். பேத்தி பாட்டியின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து, காய்ப்பேறிய இடத்தைத் தடவினாள். “வலிச்சுச்சா பாட்டி?” என்றாள். தம்பி சற்று விலகி நின்றிருந்தான். தன் தாய் எவ்வாறு உழைத்துத் தன்னைப் படிக்க வைத்தார் என்பதை அவன் பிள்ளைகளிடம் விரிவாகச் சொன்னதில்லை. அன்று அதைச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று.

கிறிஸ்துமஸ் திருப்பலிக்கு ஓஃபிர் சாலையிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குச் சென்றோம். தமிழ்க் கத்தோலிக்கர்க்கென்றே எழுப்பப்பெற்று 1888ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோயில் அது. தமிழ்த் திருப்பலி அங்கே இன்றும் நிறைவேற்றப்படுகிறது. அம்மாவுக்குச் செபங்கள் யாவும் மனப்பாடம். எழுத்துத்தான் அவ்வளவாகத் தெரியாது. தோட்டத்துப் பள்ளியில் இரண்டாண்டே பயின்றவர் அவர். அன்று பாடப்பட்ட பாடல் ஒன்று அவர் அறியாதது. பேரன் பாட்டுப் புத்தகத்தை அவர்பக்கம் சாய்த்து, சொல்லுக்குச் சொல் விரலை வைத்து, ஒவ்வோர் அடியையும் முன்கூட்டியே அவர் காதில் மெதுவாகப் படித்துச் சொன்னான். அவர் கேட்டுக்கேட்டுப் பாடினார். பள்ளியில் தேர்வுக்காக அவன் கற்ற எழுத்து, தன் பாட்டிக்குப் பயன்பட்டதை அச்சிறுவன் அன்று கண்டான். பாட்டியிடமிருந்து அவன் பெற்றவை சொற்கள். அவன் திருப்பிக் கொடுத்தது எழுத்து. இருவருக்கும் வெவ்வேறு பாதியாகக் கிடைத்திருந்த ஒரே மொழி, அந்தக் கோயில் இருக்கையில் ஒன்றுசேர்ந்தது என்றே எனக்குத் தோன்றிற்று.

பத்து நாளில் பிள்ளைகள் சரளமாகத் தமிழ் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வாறு சொல்வது மிகை. ஆங்கிலம் கலந்துதான் பேசினார்கள். பால் வேறுபாட்டிலும் திணையிலும் தடுமாறினார்கள். ஆயினும் நாணம் அகன்றது. ஊர் திரும்பிய பிறகு அம்மா பேருந்தைப் பற்றிப் பேசவில்லை; அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மாவு அரைக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் பேசினார்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகிறேன். வகுப்பறையில் நாம் மொழியைக் கற்பிக்கிறோம். அம்மொழியைக் கேட்டறியும் தேவையை வகுப்பறையால் மட்டும் உண்டாக்க முடிவதில்லை. தமிழன்றி வேறெந்த மொழியிலும் பெறமுடியாத செய்தி ஒன்று தம் வீட்டு முதியவரிடம் இருக்கிறது என்று உணரும் பிள்ளை, தானாகவே தமிழைத் தேடி வரும். முறுக்கு மாவோ, பால்மரமோ, மீன்வலையோ, தையற்பொறியோ, ஒவ்வொரு முதியவர் கையிலும் ஒரு தொழிலும் அத்தொழிலுக்குரிய சொற்களும் உள்ளன. அவற்றுள் பல நம் பாடநூல்களில் இல்லை. சில அகராதியிலும் இல்லை. அவர்களோடு அவையும் மறைந்துவிடும்.

ஆதலால், ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் நம் மாணவர்க்கு நாம் தரும் பயிற்சித்தாள்களுள் ஒன்றைக் குறைத்துக்கொள்வோம். அதற்கு மாற்றாக, வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரிடம் அவர் செய்த வேலையைப் பற்றிக் கேட்டு, அவர் வாயிலிருந்து வரும் பத்துச் சொற்களை எழுதிவரச் சொல்வோம். பள்ளி திறந்ததும் அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் யாருடைய பாட்டியின் சொல், யாருடைய தாத்தாவின் சொல் என்று பிள்ளைகளையே சொல்லச் செய்வோம்.