பல் யாருடையது?

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கும்போதுதான் பல வீடுகளில் பல்லைப் பற்றிய பேச்சு எழுகிறது. “அதுக்குள்ள ஒரு கிளிப் போட்டுடலாம்” என்பார்கள். பையன் என்றால் அந்தப் பேச்சுகூடக் கிடையாது. துன்பமோ ஆறாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

மேல்தாடைக் கோரைப்பற்கள் முளைப்பது 11, 12 வயதில். இடம் போதாவிட்டால் வரிசையை விட்டு மேலேறி நின்றுகொள்ளும். கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடுவதும், வகுப்பில் பட்டப்பெயர் சூட்டுவதும் அதே வயதில்தான். என் அக்கா மகளுக்கு எத்துப்பல். ‘தேங்காய்த் துருவி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டாள். சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். நாலு பேர் பார்க்கக் கொய்யாப்பழம் கடிக்கமாட்டாள். மார்க் குறையவில்லை, காய்ச்சலும் இல்லை. அதனால் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

டொரொண்டோ ஆய்வாளர்கள் 2002-இல் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். வலிக்கிறதா, மெல்ல முடிகிறதா என்பதோடு அது நிற்பதில்லை. வெட்கப்பட்டாயா, மற்றவர்கள் முன் சிரிக்காமல் இருந்தாயா, கேலி செய்தார்களா என்றும் கேட்கிறது. பதில் எழுத வேண்டியது பிள்ளை.

கேட்டால்தான் தெரியும். பல் எவ்வளவு கோணல் என்பதும், பிள்ளை எவ்வளவு வருந்துகிறது என்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. எதிர்வீட்டுப் பையனுக்கு இரண்டு பக்கமும் தெத்துப்பல். தெருவிலேயே பெரிய சிரிப்பு அவனுடையதுதான். அவன் அம்மாவுக்குத்தான் கவலை. லேசான இடைவெளிக்காக உதட்டை இறுக்கிக்கொண்டே போட்டோவுக்கு நிற்கும் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளைக்குக் கவலையில்லை என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. முன்பல் அதிகம் துருத்தியிருந்தால், விழுந்து அடிபடும்போது உடைய வாய்ப்பு அதிகம். நெருக்கியடித்து நிற்கும் பற்களைச் சரியாகத் துலக்குவதும் கடினம். இதெல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. ஆனால் பெரும்பாலும் நாற்காலியில் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு கிடக்க, பேச்செல்லாம் அம்மாவோடு நடக்கிறது. முறுக்கையும் கடலை மிட்டாயையும் விட்டுவிட்டு, கம்பி முறுக்கிய நாளெல்லாம் வலி பொறுத்து, ஒன்றரை இரண்டு வருஷம் இருக்கப்போவது யார்? அந்தப் பிள்ளையிடம்தானே முதலில் கேட்க வேண்டும்?

அப்படியே கேட்டுக் கிளிப் போட்டாலும் பாதி வேலைதான் முடிகிறது. பட்டப்பெயர் வைக்கும் வகுப்பைத் திருத்துவது ஆசிரியர்களும் பெற்றோர்களும் செய்ய வேண்டியது. அதையும் பல் டாக்டர் தலையில் கட்ட முடியாது.